சிவன் சொத்துக்கு ஒரு நல்ல கணக்குப்பிள்ளை வேணும்

"சிவன் சொத்து குலநாசம்" என்று நம்ம ஊரில் ஒரு பழமொழி இருக்கு. கோயில் நிலத்தில் கை வைத்தால் வம்சம் விளங்காது என்று அர்த்தம். ரொம்ப நாளாகவே எனக்கு இதில் ஒரு சந்தேகம். தமிழ்நாட்டில் கோயில் வாடகை வசூலுக்கு இந்தப் பழமொழியைத் தவிர வேறு உருப்படியான ஏற்பாடு ஏதாவது இருக்கா?

சிரிக்காதீங்க. சீரியஸாகத்தான் கேட்கிறேன்.

கோயில் நிலம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "அரசாங்கமே, கோயிலை விட்டு வெளியேறு" என்று ஒரு கட்சி. "அரசாங்கம் வெளியே போனால் மறுநாளே தனியார் விழுங்கிவிடுவார்கள்" என்று இன்னொரு கட்சி. டீவியில் இதே சண்டை, டீக்கடையில் இதே சண்டை, எங்க கிளாஸில் கடைசி பெஞ்சிலும் இதே சண்டை. இரண்டு பக்கமும் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். ஒரு சின்னக் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: மாசம் பிறந்தால் ரசீது புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய் வாடகை வாங்குவது யார்? அவருக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தது யார்?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கோயில் நிலம் போனதற்குப் பெரிய காரணம் பக்தி குறைந்தது இல்லை, நாத்திகம் வளர்ந்தது இல்லை, அரசாங்கமா தனியாரா என்பதுகூட இல்லை. சொத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு தனித் தொழில் என்பதை இரண்டு தரப்புமே ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வேலையை வேறு பத்து வேலைக்கு நடுவே சைடில் செய்யும் வேலையாக வைத்திருக்கிறோம். விளைவை அனுபவிக்கிறோம்.

எவ்வளவு பெரிய சொத்து?

இந்து சமய அறநிலையத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்புகளில் வருஷா வருஷம் வரும் கணக்கு இது: 4.78 லட்சம் ஏக்கர் நிலம், 22,600 கட்டடங்கள், 33,665 மனைகள். நாம காமர்ஸ்காரங்க, எண்ணைச் சும்மா விடக்கூடாது. 4.78 லட்சம் ஏக்கர் என்றால் சுமார் 1,934 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதாவது நாலரை சென்னை! தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய நிலச்சுவான்தார் அரசாங்கத்தை விட்டால் யாராவது இருப்பார்களா, தெரிந்தால் சொல்லுங்க.

இதில் இன்னொரு கூத்து. 1980-களின் நடுவில் வந்த இதே துறையின் குறிப்பில் 5.25 லட்சம் ஏக்கர் என்று இருந்திருக்கிறது. 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் மகாதேவன், ஆதிகேசவலு அமர்வு, கோயில் பராமரிப்பு பற்றி 75 உத்தரவுகள் கொண்ட ஒரு பெரிய தீர்ப்பைக் கொடுத்தது. அப்போது இந்த வித்தியாசமும் நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. 47,000 ஏக்கர் எங்கே? ஒரு பேலன்ஸ் ஷீட்டில் 47 ரூபாய் இடித்தாலே எங்க அக்கவுண்டன்சி சார் பேப்பரைத் திருப்பி மூஞ்சியில் எறிவார். இங்கே 47,000 ஏக்கர் இடிக்கிறது, முப்பது வருஷத்துக்கு மேல் ஒருத்தரும் டேலி பண்ணவில்லை.

எல்லாமே திருட்டு என்று நான் சொல்லவில்லை. 1963-ல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களில் கொஞ்சம் போயிருக்கும். 1979-ல் தொடங்கி 80-கள் வரை நடந்த யு.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டில், கோயில் பெயரில் இருந்த பட்டா எத்தனையோ இடத்தில் உழுதவர் பெயருக்கோ பக்கத்து நிலத்துக்காரர் பெயருக்கோ மாறியிருக்கிறது. அப்போதே ஒரு ஆள் தாலுகா ஆபீசுக்குப் போய் 'அ' பதிவேட்டைப் பார்த்து ஆட்சேபணை மனு எழுதியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. அந்த ஒரு ஆள்தான் இல்லை. இன்றைக்கு அதே பட்டாவுக்காக வக்கீல், வாய்தா, அப்பீல் என்று அலைகிறோம்.

அந்த ஆளுக்கு என்ன வேலை?

பலருக்குக் கோயில் ஆபீஸ் வேலை என்றால் அர்ச்சனை டிக்கெட் கிழிப்பதுதான் ஞாபகம் வரும். நிலம் பார்க்கும் வேலை அப்படி இல்லை. சட்டத்தின் 29-வது பிரிவுப்படி சொத்துப் பதிவேடு வைக்கணும், அதை வருஷா வருஷம் சரிபார்க்கணும். பதிவேட்டில் இருக்கும் சர்வே எண்ணையும் தாலுகா ஆபீஸ் பட்டாவையும் ஒப்பிடணும். குத்தகை முடியும் தேதிகளைக் கவனிக்கணும், ஏலம் விடணும். கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று பத்திக் கணக்கு எழுதணும். நியாய வாடகை நிர்ணயிக்கக் கோப்பு தயார் பண்ணணும். கொடுக்காதவருக்கு நோட்டீஸ் அனுப்பணும், கேஸ் நடந்தால் வக்கீலிடம் காகிதம் சேர்க்கணும். நடுவில் ஓடு உடைந்தால், சாக்கடை அடைத்தால் அதையும் பார்க்கணும்.

இரண்டாம் வருஷ லீவில் ஒரு கோயில் ஆபீஸில் (பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம், நல்ல மனுஷங்க) பதிவேட்டை எக்செலில் ஏற்றும் வேலை ரெண்டு மாசம் பார்த்தேன். ஏப்ரல்-மார்ச் மட்டுமே தெரிந்த எனக்கு, ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டு அங்கேதான் அறிமுகம். 2024 ஜூலையில் ஆரம்பித்தது 1434-ம் பசலியாம்! பதிவேட்டில் எல்லை விவரம் இப்படி இருந்தது: கிழக்கே புளியமரம், வடக்கே வண்டிப்பாதை. புளியமரம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வண்டிப்பாதை தார் ரோடாகி, அகலமாகி, இடமே மாறியிருக்கிறது. வாடகைதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் செத்துப்போய் இருபது வருஷம் ஆனவர் பெயர். ரசீது இன்னமும் அவர் பெயரில்தான் போகிறது. மெயின் ரோட்டில் ஒரு கடைக்கு மாச வாடகை 85 ரூபாய். எண்பத்தைந்தாயிரம் இல்லை சாமி, வெறும் 85. ரெண்டு பேர் டிபன் சாப்பிட்டால் அந்தக் காசு போயிடும்.

அங்கே இருந்த கிளார்க் அண்ணனுக்கு எந்த வயல் யார் கையில் இருக்கு, எந்தக் கடையை யார் உள்வாடகைக்கு விட்டிருக்கார், யார் பொங்கலுக்குப் பொங்கல்தான் காசு தருவார் என்று எல்லாமே தலைக்குள் இருந்தது. பேப்பரில் இல்லை. "தம்பி, நான் ரிட்டயர் ஆனா இதெல்லாம் யாருக்குத் தெரியப் போகுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு டிக்கெட் கவுன்ட்டரும் உண்டு, அன்னதானத்துக்கு அரிசி கணக்கும் உண்டு, திருவிழா வந்தால் பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதும் உண்டு. நடுவில் நேரம் கிடைத்தால்தான் நிலம்.

உண்டியலுக்குப் பூட்டு, நிலத்துக்கு?

நாம பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரங்க. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க. அதனால் பூட்டைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இருக்கு.

பழனியில் உண்டியல் எண்ணுவதைப் பார்த்திருப்பீங்க, இல்லை பேப்பரில் படித்திருப்பீங்க. அதிகாரிகள் முன்னிலையில் திறப்பார்கள். கோயில் பணியாளர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரிக்காரர்கள் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து எண்ணும். மறுநாள் எத்தனை கோடி, எத்தனை கிராம் தங்கம், எத்தனை வெளிநாட்டு நோட்டு என்று பேப்பரில் வரும். ரொம்ப நல்ல விஷயம், அப்படித்தான் செய்யணும்.

ஆனால் அதே அக்கறை வாடகைப் பதிவேட்டுக்கு ஏன் இல்லை? பக்தன் போடும் பத்து ரூபாயை நாலு பேர் பார்க்க எண்ணுகிறோம். பக்தனுடைய கொள்ளுத்தாத்தா எழுதி வைத்த பத்து ஏக்கரை எண்ண ஆள் இல்லை. உண்டியல் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. வராமல் போன வாடகை கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது உதாரணம்தான், எந்தக் கோயிலையும் குறிப்பிடவில்லை. 300 சதுர அடி கடை இடம். சதுர அடி மதிப்பு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 லட்சம். 2007-ல் வந்த 456-ம் எண் அரசாணைப்படி வணிக இடத்துக்கு மாச வாடகை மதிப்பில் 0.3 சதவீதம், குடியிருப்புக்கு 0.1 சதவீதம். (அப்புறம் சலுகைகளும் மாற்றங்களும் வந்திருக்கு. கணக்குப் புரிய இது போதும்.) 9 லட்சத்துக்கு 0.3 சதவீதம் 2,700 ரூபாய். பழைய வாடகை 150 ரூபாய் என்றால் மாசம் 2,550 ரூபாய் நஷ்டம். பத்து வருஷத்தில் 3 லட்சத்து 6 ஆயிரம். ஒரே ஒரு கடைக்கு!

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. வருமானமே இல்லாத கோயில்களில் ஒரு வேளை விளக்காவது எரியட்டும் என்று ஒருகால பூஜைத் திட்டம் இருக்கு. 2021-ல் 12,959 கோயில்களுக்கான வைப்பு நிதியை 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆக்கினார்கள். 2 லட்சத்துக்கு 6 சதவீத வட்டி போட்டால் மாசம் ஆயிரம் ரூபாய் வரும். அதாவது மேலே சொன்ன ஒரே கடையில் விட்ட காசில் இரண்டரை கோயிலுக்கு விளக்கெரிக்கலாம். நிலம் இருக்கு, எண்ணெய்க்குக் காசில்லை என்று எத்தனை கிராமத்தில் பூசாரிகள் புலம்புகிறார்கள்! தரித்திரம் அந்தக் கோயிலுக்கு இல்லை. அதன் கணக்குக்குத்தான்.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்?

கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் செயல் அலுவலர்களை டி.என்.பி.எஸ்.சி. மூலம் எடுக்கிறார்கள். மூன்றாம் நிலைக்குக் குரூப் 7-பி, நான்காம் நிலைக்குக் குரூப் 8. பாடத்திட்டம் பார்த்தீங்கன்னா ஒரு பக்கம் பொது அறிவு, இன்னொரு பக்கம் இந்து சமயம், அதாவது சைவமும் வைணவமும். எந்தத் திருமுறையைப் பாடியவர் யார், எந்த ஆழ்வார் எந்த ஊரில் பிறந்தார் என்று படிக்கணும்.

படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயிலில் வேலை பார்ப்பவருக்கு சாமி தெரியணும். ஆனால் நம்மாழ்வார் பிறந்த ஊர் தெரிந்தவருக்கு வில்லங்கச் சான்று பார்க்கத் தெரியுமா? குத்தகைப் பத்திரத்தில் எந்த வரி இருந்தால் பின்னால் தலைவலி என்று தெரியுமா? வேலைக்கு வந்தபின் பயிற்சி தருகிறார்கள், உண்மைதான். ஆனால் ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கேட்கிறோமோ அதுதான் அந்த வேலை என்று நாம் நினைக்கிறோம். இங்கே நிலத்தைப் பற்றி ஒரு தாள் இல்லை. அப்படி வந்தவரிடமே ஒன்றுக்கு மேற்பட்ட கோயில்களைக் கொடுத்து, கும்பாபிஷேகம், திருவிழா, வி.ஐ.பி. தரிசனம் எல்லாம் கொடுத்து, அப்புறம் "ஏன் வாடகை வசூலாகலை" என்று கேட்பது நியாயமா?

வாடகைதாரர் எல்லாரும் திருடரா?

இங்கேதான் "கோயில் சொத்தை மீட்போம்" கோஷ்டியோடு நான் சண்டை போட வேண்டியிருக்கு. இவர்களுக்குக் கோயில் இடத்தில் இருப்பவன் எல்லாம் ஆக்கிரமிப்பாளன். உண்மையில் கோயில் இடத்தில் இருப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கணும்.

முதல் வகை, அடிமனைக்காரர்கள். மனை கோயிலுடையது, மேலே கட்டின வீடு அவர்களுடையது. தாத்தா காலத்தில் ஓலைக் குடிசை, அப்பா காலத்தில் ஓடு, இப்போது மாடி. 1921-ல் வந்த நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில், இப்படிக் கட்டியவர் அந்த மனையையே விலைக்குக் கேட்க வழி இருந்தது. 1996-ல் சட்டத்தைத் திருத்தி, சமய நிறுவனங்களின் இடங்களுக்கு அந்த உரிமை இல்லை என்று ஆக்கினார்கள். மயிலாப்பூர் கிளப் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. மயிலாப்பூர் கிளப்புக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு. நம்ம ஊர் சந்துக்குள் இட்லிக் கடை போட்டு அடிமனை வாடகை கட்டும் அக்காவுக்கு அந்தத் திருத்தம் வந்ததே தெரியாது.

இரண்டாம் வகை, நிலம் உழும் குத்தகைதாரர். மழை பொய்த்த வருஷம் குத்தகை நெல் அளக்க முடியாது. நிலுவை ஏறும். வட்டார வருவாய் நீதிமன்றத்தில் கேஸ் போடுவார்கள். அவரும் ஆக்கிரமிப்பாளர், மெயின் ரோட்டில் நாலு கடையை எடுத்து உள்வாடகைக்கு விட்டு, லட்சக்கணக்கில் குட்வில் வாங்கி, கோயிலுக்கு 150 ரூபாய் கட்டும் பெரிய மனுஷரும் ஆக்கிரமிப்பாளரா? இந்தப் பெரிய மனுஷர்தான் மூன்றாம் வகை. திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நிற்பவரும் பல ஊரில் இவரேதான்!

மூன்று பேருக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் போகிறது. அதுவும் எப்படி? பத்துப் பதினைந்து வருஷம் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். திடீரென்று ஒரு நாள் பின்தேதியிட்டு நியாய வாடகை நிர்ணயித்து, லட்சக்கணக்கில் நிலுவை என்று கடிதம் வரும். சட்டத்தின் 34-ஏ பிரிவு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வாடகையை மறுபடி நிர்ணயிக்கச் சொல்கிறது. அதை ஒழுங்காகச் செய்திருந்தால் இட்லிக்கடை அக்கா கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கட்டியிருப்பார். செய்யாதது ஆபீஸ், தண்டம் கட்டுவது அக்கா. பெரிய மனுஷர் என்ன செய்வார்? கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிட்டு அடுத்த திருவிழாவுக்குப் பரிவட்டத்துக்குத் தயாராவார்.

இவர்கள் போக, இன்னும் பாவமான ஒரு கூட்டம் இருக்கு. பதிவு பண்ணின பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் வைத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கின இடத்தில் குடியிருப்பவர்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சமய நிறுவனங்களின் நிலத்தை அனுமதி இல்லாமல் பதிவு செய்யக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் பதிவேடே தப்பாக இருந்தால்? சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு கோயிலுடையது என்பதற்காக மொத்த எண்ணையும் முடக்கிவிட்டால்? மகளின் கல்யாணத்துக்கு விற்க முடியாது, பையன் படிப்புக்கு அடமானம் வைக்க முடியாது. 2022-ல் திருச்சி பக்கம் திருச்செந்துறையில் ஒருவர் தன் நிலத்தை விற்கப் போனபோது, அது வக்ஃபு வாரியத்துடையது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சொன்னார்கள். நாடு முழுக்கப் பேசினார்கள். அதை மதச் சண்டையாக்கினவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் தெரிந்தது நம்ம பழைய புளியமரம்தான். எந்த மதமாக இருந்தாலும் பதிவேடு அழுகினால் நாற்றம் ஒன்றுதான்.

ஆட்சியை மாற்றினால் போதுமா?

"பழையபடி அறங்காவலர்களிடமே கொடுத்துவிடு" என்பவர்கள் கொஞ்சம் சரித்திரம் படிக்கணும். பழையபடி ஒழுங்காக நடந்திருந்தால் 1920-களில் பனகல் அரசர் ஆட்சியில் இந்து அறநிலையச் சட்டமே வந்திருக்காது. கோயில் நிலத்தைத் தன் குடும்ப நிலம் போல அனுபவித்த தர்மகர்த்தாக்கள் பற்றிய புகார்கள்தான் அதற்கு வழி போட்டன. "அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்" என்பவர்கள் மேலே சொன்ன 47,000 ஏக்கருக்குப் பதில் சொல்லணும். இப்போதைய சட்டம் 1959-ல் வந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. முதலாளி யாராக இருந்தாலும் கடைசியில் கையில் ரசீது புத்தகத்தோடு நிற்பது அதே கிளார்க் அண்ணன்தான்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இங்கிலாந்தில் திருச்சபைச் சொத்துகளைப் பார்க்கும் ஆணையர்களுக்கு லண்டனில் சவுத்வார்க் பகுதியில் ஏழைகள் குடியிருக்கும் வீடுகள் ஏராளமாக இருந்தன. நிலைமை மோசம். 1884-ல் அவற்றில் சிலவற்றை ஆக்டேவியா ஹில் என்ற பெண்ணிடம் ஒப்படைத்தார்கள். அவர் சாமியாரும் இல்லை, அதிகாரியும் இல்லை. 1865 முதலே ஏழைகளின் குடியிருப்புகளை நிர்வகித்துப் பழகினவர். அவர் செய்தது ரொம்ப எளிமையானது. வாரா வாரம் ஆள் நேரில் போய் வாடகை வாங்கணும். நிலுவை சேர விடக்கூடாது. போகும்போதே குழாய், கூரை, படி எல்லாம் பார்க்கணும். மிச்சக் காசில் பழுது பார்க்கணும். இதற்காகவே பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஒரு தொழிலாகவே ஆக்கினார். வீட்டு நிர்வாகம் என்று தனிப் படிப்பும் சங்கமும் அங்கே வளர்ந்ததற்கு அவர்தான் விதை.

உடனே "வெள்ளைக்காரனைப் பார்த்துக் கத்துக்கோ" என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதே திருச்சபையின் ஆணையர்கள் 1980-களின் கடைசியில் பேராசைப்பட்டு, கடன் வாங்கி வணிக வளாகங்களில் கொட்டி, சுமார் 80 கோடி பவுண்டு இழந்தார்கள். ஆக நமக்கு வேண்டியது ரியல் எஸ்டேட் புலி இல்லை. வாரா வாரம் போய்க் கதவைத் தட்டுகிற ஆள்.

சரி, என்னதான் பண்ணணும்?

ஒன்று. சொத்து நிர்வாகத்துக்குத் தனிப் பணியிடம் வேணும். வணிகவியல், சட்டம், நில அளவை படித்தவர்களை எடுக்கணும். பத்துப் பதினைந்து சின்னக் கோயிலுக்குச் சேர்த்து ஒருத்தர் இருந்தாலும் போதும், ஆனால் அவருக்கு அது மட்டுமே வேலையாக இருக்கணும். காசு எங்கே என்று கேட்காதீங்க. வருமானம் உள்ள கோயில்களிடமிருந்து ஆண்டு வருமானத்தில் 12 சதவீதம் வரை நிர்வாகக் கட்டணமும் 4 சதவீதம் வரை தணிக்கைக் கட்டணமும் துறை வாங்குகிறது. கட்டணம் வாங்கினால் சேவை கொடுக்கணும் இல்லையா?

இரண்டு. தேர்வில் சைவம், வைணவம் பக்கத்திலேயே நிலச் சட்டத்துக்கும் கணக்குக்கும் ஒரு தாள்.

மூன்று. 2021-ல் 3.43 லட்சம் ஏக்கருக்கான ஆவணங்களை இணையத்தில் ஏற்றினார்கள், அப்புறம் ரோவர் கருவி வைத்து அளக்கவும் ஆரம்பித்தார்கள். மனசாரப் பாராட்டுகிறேன். 2021-க்குப் பிந்தைய நான்கு வருஷத்தில் மட்டும் ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் மீட்டதாகவும் துறை சொன்னது. ஆனால் ஆவணம் வேறு, கணக்கு வேறு. ஒவ்வொரு கோயிலின் கேட்பு, வசூல், நிலுவையை மாசா மாசம் கோயில் வாசலிலேயே எழுதி ஒட்டுங்க. உண்டியல் கணக்கு பேப்பரில் வரும்போது இதுவும் வரட்டும். பரிவட்டக்காரர் பெயர் நிலுவைப் பட்டியலில் முதலில் இருந்தால் அடுத்த திருவிழாவுக்கு அவர் எங்கே நிற்பார் என்று பார்ப்போம்.

நான்கு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சின்னச் சின்னதாக வாடகையை ஏற்றுங்க. தவறவிட்டது ஆபீஸ் என்றால் பின்தேதி நிலுவையைக் குடியிருப்பவர் தலையில் ஒரே நாளில் இறக்காதீங்க. உள்வாடகை விட்டுச் சம்பாதிப்பவரிடம் ஒரு பைசா விடாமல் வாங்குங்க. இருவரையும் பிரித்துப் பார்க்க நேரில் போகணும். அதனால்தான் முதலில் ஆள் வேணும் என்கிறேன்.

கடைசியாக என் கிளாஸ்மேட்டுகளுக்கு. நம்மில் பாதிப் பேர் பேங்க் எக்ஸாம், மீதிப் பேர் குரூப் 4. "கோயில் ஆபீஸில் கிளார்க்" என்று சொன்னால் பெண் கொடுப்பார்களா என்று ஒருத்தன் என்னிடமே கேட்டான். டேய், பழனியில் இருக்கும் பழனியாண்டவர் கலைக் கல்லூரியும், பெண்கள் கல்லூரியும், 2021-ல் ஒட்டன்சத்திரத்தில் தொடங்கின கல்லூரியும் யார் காசு? எல்லாம் முருகன் காசு. நம்ம ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதிலும் வீட்டில் முதல்முதலாகக் காலேஜ் வாசல் மிதிக்கிறவர்கள், அந்தக் காசில் படிக்கிறார்கள். வராமல் போகிற ஒவ்வொரு வாடகையும் கட்டாமல் போகிற ஒரு வகுப்பறை. அதை வசூலித்துக் கொடுப்பவர் ஏதோ சில்லறை வேலை பார்ப்பவர் என்றால், நாம மூணு வருஷம் படிக்கிற அக்கவுண்டன்சியும் சில்லறைதான்.

வேலைக்குப் போக விருப்பம் இல்லை என்றால் இதையாவது செய்யுங்க. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்க தெருக் கோயில் அறநிலையத் துறையில் இருந்தால் அதன் செயல் அலுவலருக்கு மூன்றே கேள்வி எழுதுங்க: கோயிலுக்கு எத்தனை சொத்து? போன பசலியில் வர வேண்டிய வாடகை எவ்வளவு? வந்தது எவ்வளவு? பதில் வந்தால் கழித்துப் பாருங்க. அதுக்கு பி.காம். கூட வேண்டாம், அஞ்சாங்கிளாஸ் போதும்.

டிஸ்கி: நான் எந்தக் கட்சியும் இல்லை. சாமி கும்பிடுவேன், பஞ்சாமிர்தம் என்றால் கொஞ்சம் அதிகமாகவே கும்பிடுவேன்.